ஏழு பேருக்கு ஒரே பாஸ்வேர்டு

ஆம்பூரில் மாலை ஆறு மணிக்கு மேல் எந்த ஷூ கம்பெனியின் டிஸ்பாட்ச் அறைக்குள் எட்டிப் பார்த்தாலும் ஒரே பரபரப்புதான். வாசலில் லாரி நிற்கும். பெட்டிகள் ஏறி முடிந்திருக்கும். சென்னைத் துறைமுகத்துக்கோ, ராணிப்பேட்டையில் ஜாப் ஒர்க் செய்து தரும் டேனரிக்கோ சரக்கு கிளம்பியாக வேண்டும். அதற்கு ஜிஎஸ்டி தளத்தில் போடும் மின்னணுப் போக்குவரத்துச் சீட்டான ஈ-வே பில் வேண்டும். கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்திருப்பவர் யூசர் ஐடியையும் பாஸ்வேர்டையும் கண்ணை மூடிக்கொண்டு அடிப்பார். அவர் லீவு என்றால் பக்கத்து சீட்டுக்காரர் அடிப்பார். அவருக்கும் ஞாபகம் இல்லையென்றால் கவலை வேண்டாம், மானிட்டரின் கீழ் விளிம்பில் செலோடேப் போட்டு ஒட்டியிருக்கிறது.

இந்த ஏற்பாட்டுக்கு 2025 ஏப்ரல் 1 அன்று ஒரு முட்டுக்கட்டை வந்தது. ஈ-வே பில், ஈ-இன்வாய்ஸ் தளங்களை நடத்தும் தேசியத் தகவலியல் மையம், பாஸ்வேர்டோடு இரண்டாவது அடையாளமும் வேண்டும் என்ற விதியைப் படிப்படியாகக் கொண்டுவந்தது. ஆண்டு விற்றுமுதல் 100 கோடி ரூபாய்க்கு மேல் உள்ளவர்களுக்கு 2023 ஆகஸ்ட் 20-லேயே கட்டாயம். 20 கோடிக்கு மேல் என்றால் 2025 ஜனவரி 1, 5 கோடிக்கு மேல் என்றால் பிப்ரவரி 1. மற்ற எல்லோருக்கும் ஏப்ரல் 1. அந்தக் கடைசித் தேதியோடு பேரணாம்பட்டிலும் மேல்விஷாரத்திலும் நாலு டிரம் வைத்துத் தொழில் நடத்தும் சின்ன டேனரிகளும் இதற்குள் வந்துவிட்டன.

அந்த இரண்டாவது அடையாளம் ஓடிபி, ஒருமுறை மட்டும் செல்லும் எண். அது எங்கே போகும்? பதிவு செய்த கைப்பேசி எண்ணுக்கு. பெரும்பாலும் அது முதலாளியின் எண். முதலாளி மிலான் நகரில் தோல் கண்காட்சியில் இருப்பார், அல்லது மஃரிப் தொழுகையில் இருப்பார். "பாய், ஒரு நம்பர் வந்திருக்கும், கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க" என்று போன் போகும். இரண்டு வாரம் இப்படி ஓடிய பிறகு ஒரு குறுக்கு வழி பிறக்கும். டிஸ்பாட்ச் மேசையிலேயே ஒரு பழைய போனை வைத்து, அதன் எண்ணைப் பதிந்து, அதன் திரைப் பூட்டையும் எடுத்துவிடுவார்கள். இனி ஓடிபி எல்லோருக்கும் தெரியும். இரண்டு பூட்டு போடச் சொன்னார்கள், போட்டாயிற்று. இரண்டு சாவியும் ஒரே ஆணியில் தொங்குகின்றன.

இதில் வேடிக்கை என்னவென்றால், இதற்கு முறையான வழி அதே தளத்தில் முதலிலிருந்தே இருக்கிறது. ஒரு நிறுவனத்தின் கணக்குக்குக் கீழே துணைப் பயனர்களை உருவாக்கலாம். ஒவ்வொருவருக்கும் தனி ஐடி, தனி பாஸ்வேர்டு, அவரவர் கைப்பேசிக்குத் தனி ஓடிபி. பில் போட மட்டும் ஒருவருக்கு உரிமை, நம் பேரில் தவறாக வந்த பில்லை நிராகரிக்க இன்னொருவருக்கு, அறிக்கை பார்க்க மட்டும் வேறொருவருக்கு என்று பிரித்தும் கொடுக்கலாம். ஏற்படுத்தப் பத்து நிமிடம் ஆகும். அந்தப் பத்து நிமிடம்தான் யாருக்கும் கிடைப்பதில்லை.

தரவுப் பாதுகாப்பு என்றாலே நமக்கு ஹூடி போட்ட ஹேக்கர் படமும், எட்டு எழுத்தில் ஒன்று பெரிய எழுத்தாக இருக்க வேண்டும் என்ற நச்சரிப்பும்தான் நினைவுக்கு வருகின்றன. என் கணிப்பில், இந்தத் தோல் வட்டாரத்தில் பாஸ்வேர்டின் வலிமை இரண்டாம்பட்சம். பூட்டைத் திறந்தது எந்த மனிதர் என்று கணினிக்குத் தெரிகிறதா என்பதே முதல் கேள்வி. ஏழு பேர் ஒரே ஐடியில் நுழைந்தால் கணினியைப் பொறுத்தவரை அங்கே ஒரே ஆள்தான் இருக்கிறார்.

ஒரு கணக்கைப் பாருங்கள். போட்ட ஈ-வே பில்லை 24 மணி நேரத்துக்குள் ரத்து செய்யலாம். லாரி எண் தவறிப்போனால், சரக்கு கிளம்பாமல் நின்றால் உதவும் என்று வைத்த வசதி. இரவு எட்டு மணிக்கு ஒரு லோடு கிளம்புகிறது. காலை நான்கு மணிக்குச் சரக்கு போய்ச் சேர்ந்த பிறகு யாரோ அந்தப் பில்லை ரத்து செய்கிறார். சரக்கு போனதற்குக் கணக்கில் தடம் இல்லை. ஆறு மாதம் கழித்து வரித்துறை நோட்டீஸ் வருகிறது. பதிவேட்டைத் திறந்தால் ரத்து செய்தவர் பெயர் என்று கம்பெனியின் பெயரே இருக்கிறது. ஏழு பேரும் சந்தேகத்துக்கு உரியவர்கள், ஏழு பேரும் அப்பாவிகள். தனி ஐடி என்பது முதலாளியை மட்டும் காப்பதில்லை, அந்த நேரத்தில் வீட்டில் தூங்கிக்கொண்டிருந்த ஆறு பேரையும் காக்கிறது. தொழிலாளர்களிடம் இதை இப்படி யாரும் சொல்வதில்லை. "உங்களை நம்பாமல்தான் தனி ஐடி" என்பது போலவே சொல்லி வைக்கிறார்கள்.

கணினிக்கு பாஸ்வேர்டு போடும் பழக்கம் அமெரிக்காவின் எம்ஐடி கல்விக்கூடத்தில் 1961 வாக்கில் தொடங்கியது. பெர்னாண்டோ கோர்பாட்டோவின் குழு அப்போது ஒரே கணினியைப் பலர் ஒரே நேரத்தில் பகிர்ந்துகொள்ளும் அமைப்பை உருவாக்கியது. அவரவர் கோப்பு அவரவருக்கு மட்டும் தெரிய ஒரு சொல் வேண்டியிருந்தது. அடுத்த ஆண்டே ஆலன் ஷெர் என்ற ஆய்வு மாணவர் எல்லோருடைய பாஸ்வேர்டும் இருந்த கோப்பை அச்சிட்டு எடுத்துக்கொண்டார். அவருக்கு ஒதுக்கிய கணினி நேரம் போதவில்லை, அடுத்தவர் நேரத்தை எடுத்துக்கொள்ள ஒரு வழி வேண்டும், அவ்வளவுதான் காரணம். 1966-ல் அதே அமைப்பில் ஒரு மென்பொருள் குளறுபடி. தினசரி வரவேற்புச் செய்தி தோன்ற வேண்டிய இடத்தில் உள்ளே நுழைந்தவர் எல்லோருக்கும் எல்லோருடைய பாஸ்வேர்டும் வந்து நின்றது.

அந்தக் கோப்பில் பாஸ்வேர்டுகள் அப்படியே எழுதி வைக்கப்பட்டிருந்தன என்பதுதான் அடிப்படைத் தவறு. இன்றைய ஒழுங்கான தளம் எதுவும் உங்கள் பாஸ்வேர்டைச் சேமிப்பதில்லை. அதை ஒரு கணித முறையில் போட்டு அரைத்து, வெளியே வரும் நீளமான குறியீட்டை மட்டும் வைத்துக்கொள்ளும். இதற்கு ஹேஷ் என்று பெயர். பச்சைத் தோலைப் பதனிட்டு வெட் ப்ளூ ஆக்கலாம், வெட் ப்ளூவை மறுபடி பச்சைத் தோலாக்க எந்த டேனரியாலும் முடியாது. ஹேஷும் அப்படி ஒரே திசையில் போகும் வேலை. நீங்கள் உள்ளே நுழையும்போது அடித்ததைத் தளம் மீண்டும் அதே முறையில் அரைத்துப் பார்க்கிறது. வந்த குறியீடும் வைத்திருக்கும் குறியீடும் ஒத்துப்போனால் கதவு திறக்கும். "உங்கள் பாஸ்வேர்டு இதுதான்" என்று மறந்தவருக்கு மின்னஞ்சலில் அனுப்பி வைக்கும் தளத்தைக் கண்டால் உஷாராகுங்கள். அது ஹேஷ் செய்யவில்லை என்று பொருள்.

திருப்பி எடுக்க முடியாதே தவிர, ஊகிக்கலாம். யூனிக்ஸ் அமைப்பை உருவாக்கியவர்களில் ஒருவரான கென் தாம்சனும் ராபர்ட் மாரிஸும் 1979-ல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில், நிஜப் பயனர்கள் வைத்திருந்த 3,289 பாஸ்வேர்டுகளைச் சோதித்தார்கள். மிகச் சிறியவை, அகராதியில் உள்ளவை என்று 2,831 பிடிபட்டன. நூற்றுக்கு 86. நாற்பது வருடத்துக்கும் மேலாகிவிட்டது, மனிதர் மாறவில்லை; கணினிதான் வேகமாகிவிட்டது. வெறும் சிறிய ஆங்கில எழுத்தில் எட்டெழுத்துப் பாஸ்வேர்டு வைத்தால் மொத்தம் 20,880 கோடி சாத்தியங்கள். பெரிய எண்ணாகத் தெரிகிறதா? எம்டி5 என்ற பழைய ஹேஷ் முறையில் வைத்திருந்தால், வீடியோ கேம் ஆடப் பையன்கள் வாங்கும் உயர் ரக கிராபிக்ஸ் அட்டை ஒன்றே நொடிக்குப் பதினாறாயிரம் கோடி ஊகங்களைச் செய்து பார்க்கும். ஓரிரு நொடியில் கதை முடிந்தது. அதனால்தான் 1999-ல் வந்த பிகிரிப்ட் போன்ற முறைகள் வேண்டுமென்றே மெதுவாக அரைக்கின்றன. நமக்கு அரை நொடி தாமதம் உறைக்காது, கோடிக்கணக்கில் ஊகிக்க வருபவனுக்கு உறைக்கும்.

இதோடு இன்னொரு செய்தி. குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை பாஸ்வேர்டை மாற்று, சிறப்புக் குறி ஒன்று சேர் என்ற சட்டங்களுக்கு மூலமான அமெரிக்க வழிகாட்டியை 2003-ல் எழுதியவர் பில் பர். 2017-ல் அவரே அதற்காக வருந்துவதாகச் சொன்னார். அடிக்கடி மாற்றச் சொன்னால் மக்கள் கடைசி எண்ணை மட்டும் ஒன்று கூட்டுகிறார்கள், அல்லது செலோடேப்பைத் தேடுகிறார்கள். இப்போதைய வழிகாட்டி நீளமாக வை, கசிந்தது என்று தெரிந்தால் மட்டும் மாற்று என்கிறது. நம் ஊர் ஆடிட்டர் அலுவலகங்களுக்கு இந்தச் சேதி இன்னும் வந்து சேரவில்லை.

ஓடிபி விஷயத்துக்கு வருவோம். குறுஞ்செய்தியில் வரும் எண் எல்லோருக்கும் பழகியது. அதே ஈ-வே பில் தளத்துக்கு என்ஐசி-ஜிஎஸ்டி-ஷீல்டு என்ற செயலியும் உண்டு. இணையமோ சிக்னலோ இல்லாமலே அது 30 நொடிக்கு ஒரு புது எண் காட்டும். சிக்னல் இல்லாத போனுக்கு அந்த எண் எப்படித் தெரிகிறது? இந்த வகைச் செயலிகளின் சூட்சுமம் எளிது. முதல்முறை பதியும்போது தளமும் போனும் ஒரு ரகசிய எண்ணைப் பகிர்ந்துகொள்கின்றன. பிறகு இரண்டும் தனித்தனியே அந்த ரகசியத்தையும் அந்த நேரத்துக் கடிகாரத்தையும் சேர்த்து அரைத்து, அதிலிருந்து ஆறு இலக்கத்தை எடுக்கின்றன. ரகசியமும் ஒன்று, நேரமும் ஒன்று என்பதால் விடையும் ஒன்று. போனில் மணி தப்பாக இருந்தால் எண்ணும் தப்பாக வரும். "ஆப் வேலை செய்யலை" என்று திட்டுவதற்கு முன் கடிகாரத்தைப் பார்ப்பது நல்லது.

ஆனால் ஓடிபியைக் கேட்டு வாங்கிவிடலாம், அதுதான் அதன் பலவீனம். போலித் தளம் ஒன்றில் பாஸ்வேர்டைப் போடுகிறீர்கள், ஓடிபியையும் போடுகிறீர்கள். மறுமுனையில் இருப்பவன் அரை நிமிடத்துக்குள் அவற்றை நிஜத் தளத்தில் போட்டுவிடுகிறான். இதை அடைக்க வந்ததுதான் பாஸ்கீ. இதில் பகிரும் ரகசியமே கிடையாது. உங்கள் போனுக்குள் ஒரு தனிச் சாவி இருக்கும், அதற்கு இணையான பொதுச் சாவி மட்டும் தளத்திடம் இருக்கும். தளம் ஒரு கேள்வி அனுப்ப, போன் தனிச் சாவியால் கையொப்பமிட்டுத் திருப்பி அனுப்பும். முகவரியில் ஒரு எழுத்து மாறியிருந்தாலும் கண் ஏமாறும், போன் ஏமாறாது. அந்த முகவரிக்கான சாவி தன்னிடம் இல்லை என்று சும்மா இருந்துவிடும். ஏமாந்தவரைக் குறை சொல்லாத பாதுகாப்பு என்பதால் எனக்கு இது பிடித்திருக்கிறது.

ஏற்றுமதியாளர்களின் பணம் போகும் முக்கிய ஓட்டையும் இந்தப் போலித் தளம்தான். நடப்பது இப்படி. வெளிநாட்டு ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசரின் மின்னஞ்சல் பாஸ்வேர்டு ஒரு போலிப் பக்கத்தில் பறிபோகிறது. திருடன் அவசரப்படுவதில்லை. 'இன்வாய்ஸ்' என்ற சொல் வரும் கடிதங்களின் நகல் தனக்கும் வரும்படி அஞ்சல் பெட்டிக்குள் ஒரு விதியை எழுதி வைத்துவிட்டு வாரக்கணக்கில் படிக்கிறான். ஜெர்மனியிலோ இத்தாலியிலோ உள்ள பையர் எப்போது பணம் அனுப்புவார், மெர்ச்சண்டைசர் அவரை எப்படி விளிப்பார், கையொப்பத்துக்குக் கீழே என்ன எழுதுவார், எல்லாம் தெரிந்துகொள்கிறான். பணம் வரவேண்டிய வாரத்தில் பையருக்கு ஒரு கடிதம் போகிறது: எங்கள் வங்கிக் கணக்கில் தணிக்கை நடக்கிறது, இந்த முறை இந்தப் புதுக் கணக்குக்கு அனுப்புங்கள். அனுப்பிய முகவரியில் ஆங்கில 'எம்' எழுத்துக்குப் பதிலாக 'ஆர்', 'என்' இரண்டும் ஒட்டி நிற்கும். கண்ணாடி போட்டுப் பார்த்தாலும் தெரியாது. சரக்கு போயிற்று, பணமும் போயிற்று. இந்த வகை மோசடியில் 2023-ல் மட்டும் சுமார் 290 கோடி டாலர் போனதாக அமெரிக்காவின் எஃப்பிஐயிடம் புகார்கள் பதிவாயின. மின்னஞ்சலுக்கு இரண்டாம் அடையாளம் வைப்பது பாதித் தீர்வு. வங்கிக் கணக்கு மாற்றம் என்று கடிதம் வந்தால் பழைய எண்ணில் கூப்பிட்டுக் குரலைக் கேட்டு உறுதி செய்வோம் என்று பையரோடு முன்கூட்டியே பேசி வைப்பது மீதிப் பாதி.

நுழைந்தவர் யார் என்று தெரிந்தாயிற்று. அவர் என்னவெல்லாம் செய்யலாம் என்பது அடுத்தது. ஒருவருக்கு அவர் வேலைக்குத் தேவையானதைத் தவிர வேறெதற்கும் உரிமை தராதே என்பது ஜெரோம் சால்ட்சரும் மைக்கேல் ஷ்ரோடரும் 1975-ல் எழுதிவைத்த நெறி. ஆளுக்கு ஆள் உரிமை கொடுத்தால் கணக்கு வைக்க முடியாது, பொறுப்புக்கு உரிமை கொடு, ஆளைப் பொறுப்பில் வை என்று 1992-ல் டேவிட் ஃபெராயோலோவும் ரிச்சர்ட் கூனும் அதை நடைமுறைக்கு ஏற்ப வடித்தார்கள். ஷூ கம்பெனியில் பாருங்கள். கட்டிங் சூப்பர்வைசருக்கு ஒரு ஜோடிக்கு எத்தனை சதுர அடி தோல் என்பது தெரிந்தாக வேண்டும். அந்த ஜோடிக்குப் பையர் என்ன விலை தருகிறார் என்பது தெரிய வேண்டியதில்லை. மெர்ச்சண்டைசருக்கு விலை தெரிய வேண்டும், தொழிலாளியின் ஆதார் எண் வேண்டாம். சம்பளம் போடுபவருக்கு ஆதார் வேண்டும், அடுத்த சீசன் டிசைன் வேண்டாம். பல இடங்களில் இவை எல்லாமே பொதுவில் பகிர்ந்த ஒரே ஃபோல்டரில் கிடக்கின்றன. போட்டிக் கம்பெனிக்கு வேலை மாறிப் போகிறவர் பென் டிரைவில் என்ன எடுத்துப் போனார் என்று பிறகு புலம்பிப் பயனில்லை.

வணிகத்துக்கு இன்னும் ஒரு படி வேண்டும் என்று 1987-ல் டேவிட் கிளார்க், டேவிட் வில்சன் இருவரும் வாதிட்டார்கள். ராணுவக் கணினிக்கு ரகசியம் முக்கியம். வியாபாரக் கணினிக்குக் கணக்கு பொய்யாகாமல் இருப்பது முக்கியம். அதற்கு ஒரே வேலையை ஒரே கை தொடங்கி முடிக்க விடக்கூடாது. வங்கிக்காரர்கள் இதைத்தான் மேக்கர், செக்கர் என்பார்கள். தோல் வியாபாரத்தில் இது பழைய பஞ்சாயத்து. வாங்கிய தோலின் பரப்பை அளந்து பதிபவரும் அந்தப் பில்லுக்குப் பணம் பாஸ் செய்பவரும் ஒருவராக இருந்தால், தோலுக்குக் கால் சதுர அடி கூட்டி எழுதுவது கண்ணுக்கே தெரியாது. ஆயிரக்கணக்கான தோலில் அது எவ்வளவு பணம் என்று மண்டிக்காரர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. முன்ஷி காலத்தில் இதற்கு இரண்டு நோட்டு வைத்தார்கள். மென்பொருள் வந்ததும் இரண்டு நோட்டும் ஒரே லாகினுக்குள் போய்விட்டன.

இரு கை விதி இருந்தும் அது வழுக்கிய இடம் ஒன்று நம் மாநிலத்திலேயே உண்டு. 1904-ல் கும்பகோணத்தில் தொடங்கிய சிட்டி யூனியன் வங்கியில் 2018 பிப்ரவரியில், நாடுகளுக்கிடையே பணம் அனுப்பப் பயன்படும் ஸ்விஃப்ட் அமைப்பு வழியாக மூன்று போலி உத்தரவுகள் போயின. மொத்தம் கிட்டத்தட்ட 20 லட்சம் டாலர். ஒன்று துபாய்க்கு, ஒன்று துருக்கிக்கு, ஒன்று சீனாவுக்கு. வங்கி ஊழியர் யாரும் உடந்தை என்பதற்கு ஆதாரம் இல்லை, வெளிநாட்டுத் திருடர்களின் வேலை என்று வங்கி அறிவித்தது. இதில் கவனிக்க வேண்டிய நுணுக்கம் ஒன்று இருக்கிறது. உத்தரவு போனதும் அதற்கான ஒப்புகை வங்கியின் அச்சுப்பொறியில் தாளாக வர வேண்டும். திருடர்கள் முதல் நாளே அந்த அச்சுப்பொறியைச் செயலிழக்கச் செய்துவிட்டார்கள். பிரிண்டர் வேலை செய்யாதது எந்த அலுவலகத்தில்தான் அதிசயம்? மறுநாள் காலை, பிப்ரவரி 7-ல், கணக்கு சரிபார்க்கும்போது ஊழியர்கள் கண்டுபிடித்தார்கள். துபாய்க்குப் போன 5 லட்சம் டாலர் வழியிலேயே தடுக்கப்பட்டுத் திரும்பியது. நுழைவைத் தடுக்கும் கருவிகள் தோற்ற பிறகு வங்கியைக் காப்பாற்றியது தினசரி ஒப்புநோக்கல் என்ற சலிப்பான வேலை.

அதே மாதம் வெளியே வந்ததுதான் பஞ்சாப் நேஷனல் வங்கியின் மும்பை பிராடி ஹவுஸ் கிளை விவகாரம். வைர வியாபாரி நீரவ் மோடி மீதான அந்த வழக்கின் தொகை பின்னாளில் 13,000 கோடி ரூபாயைத் தாண்டியது. அங்கே ஸ்விஃப்ட் அமைப்பு வங்கியின் மையக் கணக்கோடு இணைக்கப்படவில்லை. ஸ்விஃப்டில் கொடுத்த உத்தரவாதம் வங்கிப் பேரேட்டில் ஏறவே இல்லை. ஊழியர்களின் ஸ்விஃப்ட் பாஸ்வேர்டுகள் வெளியாட்கள் கைக்குப் போனதாகவும் புலனாய்வில் சொல்லப்பட்டது. கும்பகோணத்தில் வெளியாள் உள்ளே வந்தான், ஒரே நாளில் பிடிபட்டது. மும்பையில் உள்ளே இருந்தவர்களே கதவைத் திறந்து வைத்ததாகக் குற்றச்சாட்டு, பல ஆண்டுகள் யாருக்கும் தெரியவில்லை. எது ஆபத்தானது என்று நீங்களே சொல்லுங்கள்.

பாலாற்றைப் பற்றிச் சொல்லாமல் இந்த வட்டாரத்தில் தரவு பற்றிப் பேச முடியாது. தோல் கழிவால் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ சாகுபடிக்கு உதவாமல் போனது என்ற ஆய்வுத் தகவலைச் சுட்டி, வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடர்ந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28-ல் தீர்ப்பளித்தது. மாசுபடுத்தியவரே ஈடு தர வேண்டும் என்ற நெறி இந்தியச் சட்டத்தில் உறுதிப்பட்டதில் அதற்குப் பெரும் பங்கு உண்டு. அதே ஆற்றுக்காக 2025 ஜனவரி 30-ல் இன்னொரு தீர்ப்பும் வந்தது. இடையில் 2014-ல், டேனரி உள்ளிட்ட 17 வகைத் தொழில்களும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களும் கழிவை இடைவிடாமல் அளந்து இணையத்தில் அனுப்பும் கருவிகளை வைக்க வேண்டும் என்று மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் உத்தரவிட்டது.

இங்கே அணுகல் உரிமை தலைகீழாகிறது. ஷூ விலையை யார் படிக்கக்கூடாது என்று கவலைப்பட்டோம். ஆற்று அளவீட்டை யார் வேண்டுமானாலும் படிக்கட்டும், யாரும் திருத்தக்கூடாது. அளக்கப்படுபவர் கையில் அளவுகோல் இருக்கக்கூடாது. அதனால் கருவியின் எண் நேராக வாரியத்தின் சர்வருக்குப் போக வேண்டும். நடுவில் ஆலையின் கம்ப்யூட்டர் நின்று வடிகட்டக்கூடாது. கருவியைச் சீர்செய்ய வருபவர் எந்தத் தேதியில், எந்த ஐடியில் நுழைந்து, எந்த அளவை மாற்றினார் என்ற பதிவும் அழிக்க முடியாததாக இருக்க வேண்டும். கருவி கொடுத்த கம்பெனி ஆரம்பத்தில் வைத்த பாஸ்வேர்டையே மாற்றாமல் விட்டால் இத்தனை தீர்ப்பும் ஒரு நாலு எழுத்துச் சொல்லில் கரைந்துவிடும். இதை நான் பாஸ்வேர்டு பிரச்சினை என்று பார்க்கவில்லை, குடிநீர்ப் பிரச்சினை என்றே பார்க்கிறேன்.

வேலூரில் இன்னொரு விதமான கதவு உண்டு. ஐடா ஸ்கடர் 1900-ல் தொடங்கிய சிஎம்சி மருத்துவமனைக்கு வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். இத்தகைய பெரிய மருத்துவமனையில் ஒவ்வொரு நோயாளியின் குறிப்பையும் எல்லா ஊழியரும் பார்க்கலாம் என்று விட முடியாது. அதேசமயம் மயங்கிக் கிடப்பவருக்கு எந்த மருந்து ஒவ்வாது என்று பார்க்க, அனுமதி கேட்டுக் கடிதம் எழுதிக்கொண்டிருக்கவும் முடியாது. அதனால் மருத்துவத் தரவு அமைப்புகளில் அவசரத்துக்குக் கண்ணாடியை உடைத்துத் திறக்கும் வழி ஒன்று வைப்பார்கள். உரிமை இல்லாத டாக்டரும் அந்த நேரத்தில் திறக்கலாம். ஆனால் திறந்த பெயர், காரணம் இரண்டும் பதிவாகும், மறுநாள் ஒருவர் அதைக் கேட்பார். பதிவு ஒழுங்காக இருந்தால் கதவைக் கொஞ்சம் தளர்த்தலாம் என்பது இதிலிருந்து தெரிகிறது. ஆனால் கதவுகள் இருந்தாக வேண்டும். 2022 நவம்பர் 23-ல் டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் கணினிகள் சைபர் தாக்குதலில் முடங்கி, ஐந்து சர்வர்களில் சுமார் 1.3 டெராபைட் தரவு பூட்டப்பட்டது. வலைப்பின்னலைப் பகுதி பகுதியாகச் சரியாகப் பிரித்து வைக்காததே வழிவிட்டது என்று அரசு நாடாளுமன்றத்தில் சொன்னது. ஒரு அறையில் நுழைந்தவன் எல்லா அறைக்கும் போக முடிந்திருக்கிறது.

விரல்ரேகை வைத்துவிட்டால் இந்தத் தொல்லை எல்லாம் தீருமே என்று சிலர் கேட்பார்கள். சுண்ணாம்பிலும் ரசாயனத்திலும் கைவைத்து உழைப்பவரின் ரேகை தேய்ந்து, வருகைக் கருவி முன் ஐந்தாறு முறை அழுத்தி நிற்பதைப் பார்த்தவர்கள் கேட்க மாட்டார்கள். தவிர, பாஸ்வேர்டு கசிந்தால் மாற்றலாம், விரலை மாற்ற முடியாது. ஆயிரக்கணக்கான பெண் தொழிலாளர்களின் ரேகையும் ஆதாரும் வங்கி எண்ணும் வைத்திருக்கும் கம்பெனிகளுக்கு இது சட்டப் பொறுப்பும்கூட. 2023-ன் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் போதிய பாதுகாப்பு இல்லாமல் தரவு கசிந்தால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் என்கிறது. 2025 நவம்பரில் வந்த அதன் விதிகள் யார் எதைத் திறந்தார் என்ற பதிவை ஓராண்டாவது வைத்திருக்கச் சொல்கின்றன. இந்தப் பகுதி அமலுக்கு வர 18 மாத அவகாசம் உண்டு. ஏழு பேர் ஒரே ஐடியில் நுழையும் இடத்தில் அந்தப் பதிவு இருந்தும் இல்லாததுதான்.

முதலாளியின் டிஜிட்டல் கையொப்ப டோக்கனைப் பற்றி ஒரு வார்த்தை. யூஎஸ்பி போல இருக்கும் அந்தச் சின்னக் கருவிக்குள் இருக்கும் தனிச் சாவி வெளியே வராதபடி வடிவமைக்கப்பட்டது. அதில் போடும் கையொப்பம் 2000-ம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டப்படி பேனாவால் போட்ட கையொப்பத்துக்குச் சமம். இவ்வளவு பாடுபட்டு உருவாக்கிய பொருளை ஆடிட்டர் அலுவலக டிராயரில், பின் எண்ணை ஸ்டிக்கரில் எழுதி ஒட்டிக் கொடுத்து வைப்பது வெற்றுக் காசோலைப் புத்தகத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பதுதான். அடுத்தவர் கையொப்பத்தையோ பாஸ்வேர்டையோ வஞ்சகமாகப் பயன்படுத்தினால் அதே சட்டத்தின் 66சி பிரிவில் மூன்றாண்டு வரை சிறை உண்டு. ஆனால் யார் பயன்படுத்தினார் என்று முதலில் நிரூபிக்க வேண்டும்.

பணம் போய்விட்டது என்று தெரிந்த நிமிடமே 1930 என்ற எண்ணுக்குக் கூப்பிடுங்கள், எவ்வளவு சீக்கிரம் கூப்பிடுகிறீர்களோ அவ்வளவு தூரம் பணத்தை வழியில் நிறுத்த வாய்ப்பு உண்டு. ஆனால் அதற்கு முன் செய்யக்கூடிய வேலை ஒன்று இருக்கிறது, செலவே இல்லாதது. இந்த மாதச் சம்பளப் பட்டியலையும், உங்கள் ஈ-வே பில் கணக்கு, மின்னஞ்சல், டாலி கணக்கு மென்பொருள், வங்கித் தளம் ஆகியவற்றின் பயனர் பட்டியலையும் அச்சிட்டுப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். பட்டியலே இல்லை, ஒரே ஐடிதான் இருக்கிறது என்றால் இன்று துணைப் பயனர்களைப் போடுங்கள். பட்டியல் இருந்து, அதில் வேலையை விட்டுப் போனவர் பெயர் இன்னும் இருந்தால், அடுத்த லாரி கிளம்புவதற்குள் அதை நீக்கிவிடுங்கள்.